யாரும் பிடிக்காத தவறுக்கு எங்கே தண்டம் கட்டுவது?

உங்கள் கேள்வியை மூன்று முறை வாசித்தேன், தம்பி. திருகோணமலை நகரில் ஒரு பாடசாலைக்கு முன்னால், காலை 7.15 அளவில், பாதசாரிக் கடவையில் ஒரு வான் நின்றிருக்கிறது. வேலைக்குப் பிந்திவிட்ட அவசரத்தில் நீங்கள் மோட்டார் சைக்கிளில் அந்த வானை வலப்பக்கமாக முந்தியிருக்கிறீர்கள். பேரப்பிள்ளையின் புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வானுக்கு முன்னால் கடந்துகொண்டிருந்த ஒரு வயதான அம்மா சட்டென்று பின்வாங்கி, வானின் முகப்பில் கையை ஊன்றி நின்றிருக்கிறார். அவர் மேல் படவில்லை, அவர் விழவுமில்லை. பொலிஸார் யாரும் அங்கே இல்லை. நீங்கள் நிற்காமல் போய்விட்டீர்கள். பத்து நாட்களாகச் சரியான தூக்கம் இல்லை, பத்திரகாளி அம்பாள் கோயில் உண்டியலில் ஆயிரம் ரூபாய் போட்டும் மனம் ஆறவில்லை, நண்பர்களோ “இதற்கெல்லாமா?” என்று சிரிக்கிறார்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்லவேண்டுமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. யாரும் வந்து கேட்காத ஒரு கடனை எவரிடம் கொண்டுபோய்க் கட்டுவது என்பதுதான் அது. அதற்கே பதில் எழுத முயல்கிறேன்.

நான் ஓர் உளவளத்துணையாளர். இதே மாவட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். விபத்துக்குப் பிறகு வாகனம் ஓட்ட முடியாமல் வரும் சாரதிகள், விபத்தில் பிள்ளையையோ கணவனையோ பறிகொடுத்தவர்கள் என்று இரு பக்கத்தாரோடும் உட்கார்ந்திருக்கிறேன். சட்டத்தரணி அல்லன், மருத்துவரும் அல்லன். நான்கு பந்தி எழுத்தை வைத்து ஒருவரின் மனநிலையை முழுதாக அளந்துவிட முடியாது. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகவும், ஊகத்தை ஊகம் என்றும் சொல்கிறேன்.

முதலில் உறுதியான பகுதி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றும் நம் வீதிகளுக்கு அடிப்படை. வாகனம் மோதி ஒருவர் காயப்பட்டாலோ, ஒருவரின் உடைமை சேதமானாலோ சாரதி நிற்க வேண்டும், உதவி செய்ய வேண்டும், பெயர் விவரம் கொடுக்க வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். அப்படி ஒன்று நடந்திருந்தால் என் பதில் ஒரே வரியில் முடிந்திருக்கும்: இன்றே ஒரு சட்டத்தரணியை அழைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். ஆனால் நீங்கள் எழுதியபடி மோதல் எதுவும் நடக்கவில்லை. தண்டச் சீட்டு என்பது பெரும்பாலும் வீதியில் நிற்கும் உத்தியோகத்தர் தம் கண்ணால் கண்ட தவறுக்கு எழுதுவது. அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டைத் தருவார்; 14 நாட்களுக்குள் தபால் நிலையத்தில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்டுக்கொள்ளலாம். பத்து நாட்களுக்குப் பிறகு நீங்களாகப் போய் நின்றால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் உங்களை ஏற இறங்கப் பார்த்து, “சரி, இனிக் கவனமாக ஓட்டும்” என்று அனுப்பிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். இது என் ஊகம். அப்படி அனுப்பிவிட்டால் உங்கள் பாரம் குறையாது. வாசல் வரை கொண்டுபோன சுமையை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்புவீர்கள்.

அடுத்ததாக நான் சொல்வது உங்களுக்கு ஆறுதலாக இராது. சட்டத்தின் பார்வையில் இது சிறு குற்றம். வீதியின் பார்வையில் அப்படி இல்லை. கடவையில் ஒரு வாகனம் நிற்கும்போது அதை முந்துவது கடவையில் செய்யக்கூடிய மிக ஆபத்தான செயல்களில் ஒன்று. கடப்பவரை அந்த வாகனமே உங்களிடமிருந்து மறைத்துவிடுகிறது, உங்களையும் அவரிடமிருந்து மறைத்துவிடுகிறது. 40 கிலோமீற்றர் வேகத்தில் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீற்றர் போய்விடும். கண் கண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே பெரும்பாலானவர்களுக்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். ஒரு வானின் நீளம் ஏறத்தாழ ஐந்து மீற்றர்தான். அந்த அம்மாவின் தலை வானின் ஓரத்தில் உங்களுக்குத் தெரிந்த கணத்தில் நீங்கள் செய்யக்கூடியது எதுவுமே மிஞ்சியிருக்கவில்லை. அவர் பின்வாங்கியதால்தான் தப்பினார். அவரைக் காப்பாற்றியது அவருடைய கால். இதை எழுதும்போது உங்களை நோகடிக்கிறேன் என்று தெரியும். ஆனால் உங்கள் மனம் பத்து நாட்களாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான். அது பொய் சொல்லவில்லை. அதைப் பொய்யாக்க முயல்பவர்களிடம் போனால் உங்களுக்கு அமைதி கிடைக்காது.

நண்பர்கள் சிரிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் தலைமுறை இந்த மாவட்டத்தில் வீதியைப் படித்ததே சோதனைச்சாவடிகளில்தான். வாகனத்தை மெதுவாக்குவது, விளக்கை அணைப்பது, இறங்கி நடப்பது எல்லாம் சீருடைக்காகச் செய்தவை. நிறுத்தச் சொன்னால் நிறுத்தினோம். சொல்ல யாரும் இல்லாத இடத்தில் பறந்தோம். சாவடிகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. வீதி விதி என்றால் பொலிஸுக்கும் நமக்கும் இடையிலான விவகாரம் என்றே பலரும் இன்றும் நினைக்கிறார்கள். பிடிபடாவிட்டால் தவறே இல்லை என்பது அந்த நினைப்பிலிருந்து வருவது. உங்களுக்கு உறுத்துகிறது என்றால், அந்தப் பழக்கத்தைவிட்டு நீங்கள் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: “ஒன்றும் நடக்காததற்கு நான் ஏன் இப்படித் தவிக்கிறேன்?” இதே புதிரை 1976இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்ற இரு தத்துவ அறிஞர்கள் எடுத்துப் பேசினார்கள். இருவரும் காட்டிய உதாரணங்களில் ஒன்று லொறிச் சாரதி. இரண்டு சாரதிகள் ஒரே அளவு கவனக்குறைவாக பிரேக்கைச் சரிபார்க்காமல் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் முன்னால் குழந்தை ஓடி வருகிறது. மற்றவரின் முன்னால் யாரும் வரவில்லை. முதலாமவரை ஊர் கொலைகாரனைப்போலப் பார்க்கும்; மற்றவர் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுத் தூங்குவார். இருவரும் செய்தது ஒன்றே, வேறுபாடு தற்செயலில் மட்டும்தான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒழுக்கம் சார்ந்த அதிர்ஷ்டம். நீங்கள் அந்த இரண்டாவது சாரதி. ஆனால் முதலாமவரின் தூக்கமின்மையில் ஒரு பங்கு உங்களுக்கும் வந்திருக்கிறது. என் அறையில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் முதலாமவர்கள். அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நேரத்தில் ஒரே விடயத்தைச் சொன்னார்கள்: இதற்கு முன்பும் பல தடவை அப்படி ஓட்டியிருக்கிறேன், அப்போது ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத அந்தத் தடவைகளில் ஒன்று அவர்களுக்கு உறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

உண்டியலில் போட்ட ஆயிரம் ரூபாய்க்கு வருகிறேன். அது வீண் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்குப் போனது நல்லது. ஆனால் பணம் கட்டினால் கணக்குத் தீர்ந்தது என்ற எண்ணத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பகல்நேரச் சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்குச் சில நிலையங்களில் சிறு தண்டம் விதித்துப் பார்த்தார்கள். பிந்தி வருவது குறையவில்லை, கூடியது. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், காசு கொடுக்கத் தொடங்கியதும் அதை ஒரு கட்டணமாக நினைத்துக்கொண்டார்கள். தண்டத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பி வரவில்லை. அன்று ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் உங்களைப் பிடித்திருந்தால், தபால் நிலையத்தில் பணத்தைக் கட்டி, கொஞ்சம் திட்டிவிட்டு, இந்நேரம் மறந்திருப்பீர்கள் என்று நான் சந்தேகப்படுகிறேன். பிடிபடாததால்தான் அந்த அம்மாவின் கை உங்கள் கண்ணிலேயே நிற்கிறது.

நம் ஊரில் பல சமயத்தாரும் தோளோடு தோள் உரசி வாழ்கிறோம். குற்ற உணர்வைப் பற்றி அவர்களிடமிருந்து நான் படித்தது, பயிற்சி வகுப்புகளில் படித்ததற்குக் குறைந்ததல்ல. கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மௌலவி எனக்கு விளக்கினார்: இறைவனுக்குச் செய்யவேண்டியதில் தவறினால் இறைவனிடம் மன்னிப்புக் கேட்கலாம், மனிதருக்குச் செய்த தவறை அந்த மனிதரோடுதான் தீர்க்க வேண்டும். கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்தில் வாய்விட்டுச் சொல்கிறார்கள். இனிச் செய்யமாட்டேன் என்ற தீர்மானமும் அதில் ஒரு பகுதி. நம்மிடம் பிராயச்சித்தம் இருக்கிறது. எந்த வழியாகப் போனாலும் கேள்வி ஒன்றுதான்: கடன் யாருக்கு? அம்பாளுக்கு நீங்கள் கடன்படவில்லை. பொலிஸுக்கும் பெரிதாக இல்லை. அந்த அம்மாவுக்கும், இனி உங்கள் முன்னால் கடவையில் இறங்கப்போகிறவர்களுக்கும்தான் கடன்பட்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் அவரைத் தேடிப் போகலாமா? இது உறுதியாகச் சொல்லக்கூடிய விடயம் அல்ல. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். புத்தகப் பையோடு கடந்தவர் பேரப்பிள்ளையைப் பாடசாலையில் விட்டுத் திரும்புபவராகவோ, விடப் போகிறவராகவோ இருக்கலாம். அப்படியானால் அதே நேரத்தில் அதே கடவைக்கு மீண்டும் வருவார். ஒரு நாள் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடந்து போங்கள். கண்டால் இரண்டே வாக்கியம் போதும்: “அம்மா, அன்று வானைத் தாண்டி நிற்காமல் போனவன் நான்தான். பிழை என்னுடையது.” அதற்கு மேல் வேண்டாம். எனக்குத் தூக்கம் வரவில்லை, நான் தவிக்கிறேன் என்று தொடங்கினால், உங்கள் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைத்துவிடுவீர்கள். பாவம், அவர் உங்களைத் தேற்ற வேண்டிவரும். மன்னித்தேன் என்று அவர் சொல்லவேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஏசினால் கேட்டுக்கொள்ளுங்கள். காசு கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் போயும் காணவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வீடு வீடாக விசாரித்துப் போய் நிற்பது, தனியாக இருக்கும் ஒரு முதியவருக்குப் பயத்தையே கொடுக்கும்.

இன்னொரு வரியைப் பற்றியும் பேசவேண்டும். “நான் இவ்வளவு கேவலமான மனிதனா?” என்று கேட்டிருக்கிறீர்கள். குற்ற உணர்வும் அவமான உணர்வும் ஒன்றைப்போலவே தோன்றினாலும் வேறு வேறு என்பதைப் பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் யூன் டாங்னி இதில் நீண்ட காலம் வேலை செய்தவர். பிழை செய்தேன் என்று நினைப்பவர் அதைத் திருத்தும் வழியைத் தேடுகிறார். நானே பிழையானவன் என்று நினைப்பவர் ஒளிந்துகொள்ளவும், மறுக்கவும், சில வேளை மற்றவர்மேல் பாயவும் செய்கிறார். நான் பார்த்த ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். தனியார் பஸ் சாரதி. ஒரு சிறு உரசல், யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆறு மாதம் வீட்டில் முடங்கினார், குடித்தார், பிள்ளைகளோடு எரிந்து விழுந்தார். “நான் உதவாதவன்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட, அன்று எந்த இடத்தில் என்ன பிழை விட்டேன் என்று அவர் யோசித்திருக்கவில்லை. ஒருநாள் ஒரு வெள்ளைத்தாளில் அந்த வளைவை வரையச் சொன்னேன். பஸ் எங்கே, சைக்கிள் எங்கே, கண்ணாடியை எப்போது பார்த்தார் என்று குறித்துக்கொண்டே வந்தவர் பாதியில் பேனையை வைத்துவிட்டு, “இடப்பக்கக் கண்ணாடியை நான் பார்க்கவே இல்லை” என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் அழுதார். அதற்குப் பின் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பினார். நீங்களும் ஒரு தாளை எடுத்து அந்தக் கடவையை வரைந்து பாருங்கள். கேவலமான மனிதனை அந்தத் தாளில் எங்கே வரைவது என்று உங்களுக்குத் தெரியாது. பிந்திப் புறப்பட்டவனையும், நின்ற வான் ஏன் நிற்கிறது என்று கேட்காதவனையும் வரையலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான குற்ற உணர்வு சில வாரங்களில் தானாக மட்டுப்படும். ஆனால் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கவேண்டும் போலிருந்தால், உண்மையில் மோதவில்லை என்று தெரிந்தும் ஒருவேளை மோதியிருப்பேனோ என்று சந்தேகம் சுழன்றுகொண்டே இருந்தால், ஒவ்வொரு குலுக்கலிலும் யாரையோ ஏற்றிவிட்டேன் என்று வண்டியைத் திருப்பினால், அது எண்ணச் சுழற்சி நோயின் (OCD) அறியப்பட்ட ஒரு வடிவம். அதற்கு ஆறுதல் வார்த்தை மருந்தாகாது. கேட்கக் கேட்க இன்னும் கேட்கத்தான் தோன்றும். நல்ல சிகிச்சை இருக்கிறது. உங்கள் எழுத்தில் அதற்கான தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் எழுத்தில் தெரியாதது எத்தனையோ உண்டு. இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு ஒரு கணம் வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே அழையுங்கள்.

இனி, எதைச் செய்வது என்பதற்கு வருகிறேன். கோட்டைப் பக்கத்து மான்களை நினைத்துப் பாருங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியிலும், அதற்கு வெளியே நகரத்துக்குள்ளும் புள்ளிமான்கள் அலைகின்றன. அவற்றுக்காக நிற்காத சாரதியை நான் அதிகம் கண்டதில்லை. ஆட்டோக்காரர் நிற்கிறார், சுற்றுலா பஸ் நிற்கிறது, நேரமில்லை என்று பறக்கும் பொடியன்களும் நிற்கிறார்கள். ஒரு மான் தெரிந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மானிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அது நிற்கும், ஒதுங்கும், நம் அவசரத்தைப் புரிந்துகொள்ளும் என்று நினைப்பதில்லை. ஆகவே நம் கண் தேடுகிறது, கால் தானாகத் தயாராகிறது. மனிதரிடம் மட்டும் நாம் எதிர்பார்க்கிறோம். அவர் பார்ப்பார், அவர் நிற்பார் என்று அவர் பங்கையும் அவரிடமே விட்டுவிடுகிறோம். அன்று காலை உங்களிடம் இருந்தது கொடூரம் அல்ல, அந்த எதிர்பார்ப்புத்தான் என்று நான் நம்புகிறேன். நானும் அதைச் செய்தவன். பல ஆண்டுகளுக்கு முன் கந்தளாயிலிருந்து இரவில் திரும்பும்போது, எதிரே வந்த சைக்கிள்காரர் ஒதுங்கிக்கொள்வார் என்று ஒரு லொறியை முந்தினேன். அவர் ஒதுங்கினார், வீதியோரத்துச் சரளையில் இறங்கி, ஒரு காலை ஊன்றி நின்று என் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசிக்கொண்டு பார்த்தார். நானும் நிற்கவில்லை. அந்த முகத்தை இன்றும் வரைந்து காட்டுவேன்.

ஆகவே நின்றுகொண்டிருக்கும் எந்த வாகனத்தைக் கண்டாலும், அதன் முன்னால் ஒரு மான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டாலும் இருக்கிறது. பாடசாலை வீதிகளில் அந்த நேரம் எந்த வாகனத்தையும் முந்துவதில்லை என்று ஒரு வரையறை போட்டுக்கொள்ளுங்கள். நேரம் பார்த்து முடிவெடுக்கும் வேலையே வேண்டாம். வீட்டிலிருந்து பத்து நிமிடம் முந்திப் புறப்படுங்கள். உங்கள் தாளில் நீங்கள் வரையப்போகும் முதல் பிழை பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் இருக்கும். அந்த வான் சாரதியையும் மறக்காதீர்கள். அவர் சரியாகச் செய்தார். ஆனாலும் தம் வாகனத்துக்கு முன்னால் ஒரு முதியவர் அடிபட இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அன்று வேலைக்குப் போயிருப்பார். நாளை நீங்கள் அந்த வானின் இடத்தில் இருப்பீர்கள். கடவை தெரிந்ததும் பிரேக்கை மெல்ல, முன்கூட்டியே பிடியுங்கள். பின்னால் வருபவருக்குச் சிவப்பு விளக்கு நன்றாகத் தெரிய நேரம் கிடைக்கும். பிறகு கண்ணாடியைப் பாருங்கள். உங்களைத் தாண்ட யாராவது வலப்பக்கம் விலகுவது தெரிந்தால், கடந்துகொண்டிருப்பவருக்குக் கையைக் காட்டி நிறுத்துங்கள்.